ஜாலி பாய் தீவும் நீச்சல் தெரியாத அம்பத்தூர்காரனும்

நம்ம மேற்குச் சென்னைக்காரங்களுக்கு ஒரு விசித்திர ராசி மக்களே. சுத்தி தண்ணி. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடி பக்கம் பருத்திப்பட்டு ஏரி, கொஞ்சம் தள்ளிப் போனா புழல், அந்தப் பக்கம் செம்பரம்பாக்கம். ஆனா எங்க ஏரியா பசங்கள்ல நீச்சல் தெரிஞ்சவன எண்ணினா ஒரு கை விரல் கூட முழுசா மடங்காது.

என் கதைக்குக் காரணம் இருக்கு. நான் ஆறாவது படிக்கும்போது எங்க தெருப் பையன் ஒருத்தன் கல்குட்டைக்குக் குளிக்கப் போனான், திரும்பி வரல. ரெண்டு நாள் முன்னாடி என்கிட்ட பம்பரம் கடன் வாங்கியிருந்தான். அன்னைலேர்ந்து எங்கம்மா போட்ட சட்டம், தண்ணி முழங்காலுக்கு மேல ஏறக் கூடாது. மெரினாவுல கூட அதே கணக்கு தான். காலேஜ் டூர்ல கொடைக்கானல் போனப்ப போன் பண்ணி, "அங்க அருவி ஏதும் இருக்காடா?"ன்னு கேட்டாங்க.

இப்படிப்பட்டவன் டீம் பசங்களோட அந்தமான் கிளம்பினேன். சென்னையிலேர்ந்து பிளைட்டுல ரெண்டு மணி நேரம் சொச்சம். கப்பல்ல போனா ரெண்டரை, மூணு நாள் ஆகும், அவ்வளவு லீவு எவன் தருவான்? போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பர்ல ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்திட்டாங்க. ஆட்டோக்காரர் இன்னும் பழைய பேரத்தான் சொல்றாரு, அதுவும் தமிழ்ல!

எல்லாரும் ஹேவ்லாக் ஹேவ்லாக்னு குதிச்சானுங்க (அதுவும் 2018லேர்ந்து ஸ்வராஜ் தீவு). நான் பிடிவாதமா ஜாலி பாய்க்கும் ஒரு நாள் ஒதுக்க வெச்சேன். பாய்னா பையன் இல்லீங்க, கடல்ல மிதக்க விடற மிதவை. மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுல இருக்கற தீவு இது. 1983ல ஆரம்பிச்ச பூங்கா, மொத்தம் 15 தீவு. நம்மள மாதிரி ஆளுங்களை விடறது ஜாலி பாய், ரெட் ஸ்கின்னு ரெண்டுல மட்டும் தான். அதுவும் ஒண்ணு திறந்திருந்தா இன்னொண்ணுக்கு ரெஸ்ட். பவளப்பாறைக்கு ஷிப்ட் முறை! நமக்குத் தான் இல்ல.

வண்டூர் படகுத்துறையில பையத் துழாவிட்டாங்க. பிளாஸ்டிக் எதுவும் உள்ள போகாது. தண்ணி பாட்டில் கூட டெபாசிட் கட்டி வாடகைக்கு வாங்கணும். எனக்கு இது ரொம்பப் புடிச்சிருந்தது. நம்மூர் ஏரிக்கரையில இதே மாதிரி ஒருத்தர் நின்னா எப்படி இருக்கும்னு தோணிச்சு.

படகு அலையாத்திக் காட்டை ஒட்டியே ஒரு மணி நேரம் போச்சு. வெள்ளை வயிறு தெரிய ஒரு கடல் கழுகு மரத்து உச்சியில உக்காந்து எங்களை மதிக்கவே இல்ல. முன்னாடி வண்டூர் கரையில முதலை எச்சரிக்கைப் பலகை வேற பாத்திருந்தேன். உப்புத்தண்ணியிலயே வாழற முதலைங்க அந்தமான்ல உண்டு. அம்மாவுக்கு அந்தப் போட்டோவ அனுப்பல.

தீவுல கடை கிடையாது, ராத்திரி தங்க முடியாது, சிக்னலும் இல்ல. ஸ்நார்க்கலிங் கூட்டிட்டுப் போன பையனோட தாத்தா காலத்துல ராமநாதபுரத்துலேர்ந்து வந்த குடும்பமாம். "அண்ணா, மூக்கை மறந்துடுங்க, வாயால மட்டும் மூச்சு விடுங்க"ன்னான். கண்ணாடிக்குள்ள எச்சில் துப்பித் தேய்க்கச் சொன்னான், ஆவி படியாதாம். இடுப்பளவு தண்ணி. கால் தரையில இருக்கு. ஆனா மூஞ்சியத் தண்ணியில வெச்ச உடனே நெஞ்சு அடிச்ச அடி இருக்கே... நாலு தடவ தலையைத் தூக்கிட்டேன். எனக்கு அந்தப் பம்பரம் தான் ஞாபகம் வந்துது. பையன் அவசரப்படுத்தவே இல்ல. ரப்பர் வளையத்தைப் புடிச்சுக்கச் சொல்லிட்டுப் பக்கத்துல சும்மா மிதந்துட்டிருந்தான்.

அஞ்சாவது தடவ, காதுல டொக் டொக்குன்னு ஒரு சத்தம். என்னடான்னு பாத்தா பச்சையும் நீலமுமா ஒரு கிளிமீன் பாறையக் கடிச்சுட்டிருக்கு! பவளத்துமேல இருக்கற பாசியக் கொறிச்சு, கூட வர்ற சுண்ணாம்பை அரைச்சு, மணலா வெளிய விடுமாம். நாங்க செருப்பக் கழட்டிப் போட்டு வந்த வெள்ளை மணல்ல கொஞ்சம் அது வேலை தான். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே எவ்வளவு நேரம் மிதந்தேன்னு தெரியல. கடல் அட்டை, வாயைத் திறந்து மூடற பெரிய சிப்பி, முள்ளுக்குள்ள ஒளியற ஆரஞ்சுக் குட்டி மீன், எல்லாம் அப்புறம் வந்துது.

நிறைய இடத்துல பவளம் செத்து, சாம்பல் நிறத்துல உடைஞ்சு கெடந்துது. பவளம் கல்லு இல்ல, உயிர். அதுக்குள்ள இருக்கற நுண்பாசி தான் சோறு போடுது. கடல் சூடானா பாசி வெளியேறிடும், பவளம் வெளுத்துப் போகும். சூடு தணியலேன்னா செத்துடும். 2010லயும் 2016லயும் அந்தமான்ல பெருசா வெளுத்துச்சு. ரெஸ்ட் விடறதெல்லாம் நம்ம கால் மிதிக்காம இருக்கத் தான், சூட்டுக்கு அந்தக் கேட்டு என்ன செய்யும்?

சாயங்காலம் சிக்னல் வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன். "கடல்ல மூஞ்சிய வெச்சேம்மா." ரொம்ப நேரம் பதிலே இல்ல. அப்புறம், "கூட ஆள் இருந்தாங்களா?"

"இருந்தாங்கம்மா."

"சரி, தலையத் துவட்டிக்கோ."

போறவங்க கவனிக்க: திங்கட்கிழமை லீவு, வனத்துறை அனுமதிய முன்னாடியே வாங்கிடுங்க. நான் ஒரு நீச்சல் கிளாஸ் தேடிட்டிருக்கேன், அம்பத்தூர் பக்கம் நல்லதா யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்கப்பு.