கொட்டாவி விடாத பொம்மை

சில நூல்கள் உள்ளத்திற்கு ஆறுதல் தருகின்றன. சில நூல்கள் உறக்கத்தைக் கெடுக்கின்றன. குருமட நாள்களில் ஆங்கில மொழிபெயர்ப்பில் நான் படித்த ‘மணல் மனிதன்’ இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பெர்லின் நகரில் நீதிபதியாகப் பணியாற்றியவரும் இசையமைப்பாளருமான ஹாஃப்மன் (1776-1822), 1816ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜெர்மானியக் குறுநாவல் அது.

கதைத்தலைவன் நத்தானியேல் ஒரு மாணவன், கவிதை எழுதுபவன். உறங்க மறுக்கும் குழந்தைகளின் கண்களில் மணலைத் தூவி, பிதுங்கி விழும் கண்களைப் பொறுக்கிச் செல்லும் ஒருவனைப் பற்றித் தாதி சொன்ன கதை, அவனது பிஞ்சு மனத்தில் நஞ்சாக இறங்கிவிடுகிறது. வளர்ந்த பின்னும் அந்த அச்சம் விலகவில்லை. அதனையே கவிதையாக வடித்து, தனக்கு நிச்சயிக்கப்பட்ட கிளாராவிடம் படித்துக் காட்டுகிறான். அந்தப் பித்தக் கதையை நெருப்பில் போட்டுவிடும்படி அவள் அன்போடு வேண்டுகிறாள். சினமுற்ற அவனோ, உயிருள்ள அவளை உயிரற்ற இயந்திரமென்று ஏசுகிறான்!

பின்னர், ஒரு வணிகனிடம் வாங்கிய தொலைநோக்கியின் வழியே ஒலிம்பியாவைக் காண்கிறான். இயற்பியல் பேராசிரியர் ஒருவரின் மகளென்று அறிமுகப்படுத்தப்பட்டவள் அவள். பாடுகிறாள், ஆடுகிறாள், தாளம் இம்மியும் பிசகுவதில்லை. அவன் தன் கவிதைகளை மணிக்கணக்கில் வாசிக்கிறான். அவள் பின்னல் வேலையை எடுப்பதில்லை, சன்னல் வழியே வேடிக்கை பார்ப்பதில்லை, கொட்டாவியும் விடுவதில்லை. அசையாத விழிகளோடு கேட்டிருந்து, ‘ஆ, ஆ’ என்று மட்டும் பெருமூச்செறிகிறாள். தன்னை இவளைப்போல் புரிந்துகொண்டவர் எவருமில்லையென அவன் பூரித்துப் போகிறான்.

ஒலிம்பியா ஒரு பொம்மை. இருபது ஆண்டுகள் தன்னையே உருக்கிப் பேராசிரியர் படைத்த பல்சக்கரப் பொம்மை. கண்ணில்லாத வெறுங்குழிகளோடு அவளைப் பார்த்த கணத்தில் நத்தானியேலின் அறிவு பேதலிக்கிறது. ஓரளவு தேறியவன், ஒரு நாள் கோபுர உச்சியில் மீண்டும் வெறி கொண்டு, கிளாராவைக் கீழே தள்ள முயல்கிறான். அவளை அண்ணன் காப்பாற்ற, அவனோ தானே குதித்து மாள்கிறான்.

இத்தகைய பொம்மைகள் வெறும் கற்பனையல்ல. சுவிட்சர்லாந்தின் ஜாக்கே-த்ரோ குடும்பத்தார் 1774இல் மக்களுக்குக் காட்டிய பெண் பொம்மை, தன் விரல்களாலேயே இசைக்கருவியை வாசித்தது. மூச்சு விடுவதுபோல் அதன் மார்பு ஏறி இறங்கியது. இன்றும் அது நெஷாத்தெல் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஆயினும் என்னை அச்சுறுத்தியது பல்சக்கரம் அன்று. பல்லாண்டுகளுக்கு முன், ஒரு சனிக்கிழமை மாலை, மறுநாள் திருவிழாத் திருப்பலிக்கான மறையுரையை எழுதிக்கொண்டிருந்தேன். சொற்கள் அருமையாக வந்து விழுந்துகொண்டிருந்தன. பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர் வந்து, தம் மகனைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நான் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. தாளைப் பார்த்தபடியே ‘ம், ம்’ என்றேன். சற்று நேரம் பேசியவர், “சாமி வேலையா இருக்கீங்க, பொறவு வாரேன்” என்று எழுந்து போய்விட்டார்.

அவர் சொன்னவற்றில் ஒரு சொல்லும் என் நினைவில் நிற்கவில்லை. தன் படைப்பின் மயக்கத்தில் கிளாராவை இயந்திரமாகக் கண்ட நத்தானியேல் மட்டுமல்ல நான். பெருமூச்செறிந்த ஒலிம்பியாவும் நானே! மறுநாள் மறையுரையைப் பலர் பாராட்டினர். முதியவர் தம் வழக்கமான இடத்தில் இல்லை. அன்று மாலையே அவர் வீடு தேடிச் சென்று, திண்ணையில் அமர்ந்து, “ஐயா, நேற்று நான் கேட்கவில்லை. மறுபடி சொல்லுங்கள்” என்றேன். நெடுநேரம் பேசாதிருந்தார், பிறகு முதலிலிருந்து சொன்னார்.

ஒலிம்பியாவின் உண்மை வெளிப்பட்ட பின், அவ்வூர்க் காதலர்கள் தம் காதலியர் கொஞ்சம் தாளம் தப்பிப் பாடவேண்டும், ஆடவேண்டும் என்று விரும்பினார்களாம். பொம்மையல்லர் என்று உறுதி செய்துகொள்ளத்தான்! அந்த இடத்தில் ஹாஃப்மன் நம்மைச் சிரிக்க வைக்கிறார். இப்போதெல்லாம் என் மறையுரையின் நடுவே எவரேனும் கொட்டாவி விட்டால் நான் சினம் கொள்வதில்லை. என் முன் அமர்ந்திருப்போர் உயிருள்ள மனிதர் என்பதை அது நினைவூட்டுகிறது, உரையையும் சுருக்கிக்கொள்கிறேன்.