பிள்ளை பெற்றவளின் தூக்கம்

"ராத்திரி முழுக்கக் கண்ணே மூடல. ஆனாலும் முகத்துல அசதி தெரியுதா பாருங்க!" பிரசவ வார்டில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். பிள்ளை அழுது தூக்கம் கெடுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் பிள்ளை தூங்குகிறது, பாட்டி பக்கத்தில் இருக்கிறாள், விளக்கையும் அணைத்தாயிற்று. அப்போதும் தாய்க்குத் தூக்கமே வேண்டியிருக்கவில்லை, பேச்சும் ஓயவில்லை என்றால் சங்கதி வேறு. அன்றைக்கே மனநல மருத்துவரிடம் காட்டவேண்டும்.

*

பிரசவத்துக்குப் பின் வரும் மனப்பிறழ்வு ஆயிரத்தில் ஒருவர், இருவருக்கு. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். (மனச்சோர்வு வேறு. அது பத்தில் ஒருவருக்காவது உண்டு.) இருதுருவ நோய் (பைபோலார்) ஏற்கெனவே உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு. அவர்களிலும், தூக்கம் கெட்டால் மனம் எகிறும் சுபாவமுள்ளவர்களுக்கு இது வந்திருப்பது ஏறக்குறைய இருமடங்கு என்று 2018-இல் ஒரு பிரிட்டன் ஆய்வு சொன்னது.

*

தூக்கத்துக்கு வேளை வைப்பது உடல் கடிகாரம். அது மரபணுவில் இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தது பழ ஈ. 1971, கலிஃபோர்னியா, கொனோப்கா, பென்சர் என்ற இரு விஞ்ஞானிகள். ஒரே மரபணுவில் மூன்று விதமான பழுது: ஒன்றில் ஈயின் நாள் 19 மணி நேரம், இன்னொன்றில் 28, மூன்றாவதில் நாள் என்ற கணக்கே இல்லை. அந்தக் கடிகாரம் வேலை செய்யும் விதத்தைக் கண்டவர்களுக்கு 2017-இல் நோபல் வந்தபோது இந்த இருவருமே உயிரோடு இல்லை.

ஈயின் மனநிலையை யார் கேட்டார்கள்? எலியைக் கேட்டார்கள். உடல் கடிகாரத்தை ஓட்டும் 'க்ளாக்' மரபணு பழுதான எலிகள் குறைவாகத் தூங்கின, ஓயாமல் ஓடின, ஆபத்துக்கு அஞ்சவில்லை. லித்தியம் கொடுத்ததும் பெருமளவு அடங்கின. மெக்ளங் என்பவரின் ஆய்வுக்குழு கண்டது, 2007. லித்தியம் இருதுருவ நோய்க்குக் காலங்காலமாகக் கொடுக்கும் அதே மருந்து. உடல் கடிகாரத்தின் சுற்றையும் அது நீட்டுகிறது. இது வெறும் தற்செயலாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனாலும் மனிதரில் 'இந்த மரபணு இருந்தால் இந்த நோய்' என்று கைகாட்ட முடியாது. சிறுசிறு பங்காகப் பல சேர்கின்றன. அதன் மேல் ஹார்மோன் சரிவு, கண்விழிப்பு.

*

அந்தக் கண்விழிப்பு ஏன்? பிறந்த பிள்ளைக்குச் சொந்தக் கடிகாரம் ஓட இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை தாயின் இரவுப் பாலில் மெலடோனின் வருகிறது. பகல் பாலில் அநேகமாக இல்லை.

*

மனப்பிறழ்வு யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. இருக்கிற ஒரே மரபியல் சோதனை ஒரு கேள்விதான்: "உங்க அம்மாவுக்கோ அக்காவுக்கோ பிரசவத்துக்கப்புறம் மனசு சரியில்லாம போனதுண்டா?" கர்ப்பிணி செக்கப்புக்கு வரும்போதே கேட்கலாம். மாமியாரை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கேட்கவேண்டும்.