அப்பாவிடம் கேட்ட ஒரே ஆள்

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தபோது எங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்குப் புற்றுநோய். அப்பாவுக்கு வயது 74; காலமெல்லாம் வெற்றிலையோடு புகையிலை அடக்கிய இடது கன்னத்தில். சித்தி மகளுக்கு 34, மார்பில். பாபநாசம் வட்டத்தில் ஒரே தெருவில் இரண்டு வீடும்.

சித்தி மகளுக்குப் புதுச்சேரி ஜிப்மரில் கீமோ நடந்துகொண்டிருந்தது. பஸ் இல்லை, ரயில் இல்லை. அந்த நாட்களில்தான் கும்பகோணம் பக்கத்துக் கூலித் தொழிலாளி ஒருவர், அறுபதைக் கடந்தவர், நோயாளி மனைவியைச் சைக்கிளில் உட்காரவைத்து நூறு கிலோமீட்டருக்கு மேல் மிதித்து ஜிப்மர் போய்ச் சேர்ந்தார். பேப்பரில் அதைப் படித்துவிட்டுச் சித்தி திண்ணையிலேயே உட்கார்ந்து அழுதாள். எங்களுக்கு வாடகைக் கார் பிடிக்க வசதி இருந்தது. அனுமதிச் சீட்டு வாங்கிப் போய்வந்தோம்.

அந்தத் தங்கச்சி கேள்விகள் எழுதிய ஒரு நோட்டு வைத்திருந்தாள். முழு மார்பையும் எடுக்கணுமா, கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா? எடுத்தபிறகு கரண்டு (கதிர்வீச்சு) வைக்கணுமா? கீமோ முடிந்து இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ள முடியுமா? கடைசிக் கேள்வியை அவள் கேட்டபோது சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கட்டியை மட்டும் எடுப்பது என்று அவளேதான் முடிவெடுத்தாள்.

அப்பாவைத் தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அவர் எதுவும் கேட்கவில்லை. "நீங்க பாத்து எது செஞ்சாலும் சரிங்கய்யா" என்று கும்பிட்டார். டாக்டர் அண்ணனையும் பெரியப்பாவையும் மட்டும் வெளியே வரச் சொல்லிக் கண்காட்டினார். தாடையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு நெஞ்சுச் சதையை வைத்துத் தைப்பது ஒரு வழி. அதற்குப் பிறகு மூக்குக் குழாய் வழியாகத்தான் ஆகாரம், எத்தனை நாளைக்கு என்று இப்போது சொல்ல முடியாது. கதிர்வீச்சு மட்டும் கொடுப்பது இன்னொரு வழி. முழுசாகக் குணமாகாது, வலி அடங்கும். வராந்தாவில் நின்றே பேசினார்கள். அண்ணன் ஆபரேஷன் என்றார். பெரியப்பா, "இந்த வயசுல அவன எதுக்கு அறுக்கணும்?" என்றார். பெரியவரிடம் கட்டி என்று மட்டும் சொல்லுங்கள் என்றார் டாக்டர். கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா உட்கார்ந்திருந்தார். ஊர்ப் பஞ்சாயத்தில் மடை முறையைத் தீர்த்துவைத்த மனுஷர்.

அன்று ராத்திரி வார்டுக்கு வந்த பயிற்சி டாக்டர், சின்னப் பெண், கட்டில் ஓரமாக ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள்: "தாத்தா, உங்களுக்கு எது முக்கியம்?"

அப்பா கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். "இது புத்துதான்னு எனக்குத் தெரியும்மா. சோறு வாயால திங்கணும். குழாய் வேண்டாம். ஆத்துல தண்ணி வர்றப்ப நான் வயல்ல நிக்கணும். மத்தத ஐயா பாத்துக்கட்டும்."

அவள் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதினாள். மறுநாள் வராந்தாப் பேச்சு நின்றுபோனது.

சிகிச்சை முடிவை யார் எடுக்க வேண்டும் என்று நோயாளிகள் விரும்புகிறார்கள் என்பதைப் பிற்பாடு தேடிப் படித்தேன். கனடா ஆய்வாளர்கள் டெக்னரும் ஸ்லோனும் 1992இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகப் புற்றுநோய் கண்டவர்களில் 59 சதவீதம் பேர் முடிவை டாக்டரிடமே விட விரும்பினார்கள். வயது கூடக்கூட அந்த விருப்பமும் கூடியது. நோய் இல்லாதவர்களைக் கேட்டபோது 64 சதவீதம் பேர், தமக்கு வந்தால் தாமே தேர்ந்தெடுப்போம் என்றார்கள். ஆக, அப்பா கும்பிட்டதில் அதிசயம் எதுவும் இல்லை. ஆனால் எந்த வழியில் போவது என்பதைத்தான் அவர் டாக்டரிடம் விட்டார். எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை யாரிடமும் விடவில்லை. வயதானவர் பேசாமல் இருந்தால் அவருக்கு விருப்பமே இல்லை என்று எடுத்துக்கொள்வது அநியாயம். சிறுவயதுக்காரி எல்லாவற்றையும் கேட்டால் அதை அதிகப்பிரசங்கித்தனம் என்பதும் அநியாயம்தான்.

அப்பாவுக்குக் கதிர்வீச்சும் வலிக்கு மார்ஃபின் மாத்திரையும் கொடுத்தார்கள். அந்த வருஷம் ஜூன் 12ஆம் தேதியே மேட்டூரைத் திறந்தார்கள். 16ஆம் தேதி கல்லணை. எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த அன்று அப்பா குடையை ஊன்றிக்கொண்டு வரப்பில் நின்று குறுவை நாற்றங்காலுக்கு மடை திறக்கச் சொன்னார். குழைந்த ரசம் சோற்றை வாயால்தான் சாப்பிட்டார். கார்த்திகையில் வீட்டில் இறந்தார். தங்கச்சி நன்றாக இருக்கிறாள்.

டாக்டர் உங்களை வெளியே வரச் சொல்லிக் கண்காட்டினால் எழுந்து போகாதீர்கள். "அவர் முன்னாலேயே சொல்லுங்க டாக்டர்" என்று சொல்லுங்கள்.