சனி மத்தியானத்துக்குப் பிறகு

உயர்தரத்தில் மூன்று பாடங்களும் சித்தி. ஆனாலும் இசட் புள்ளி போதவில்லை. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு நேர்வதுதான். அதற்குப் பிறகு ஒரு கணினி வகுப்பு, ஒரு வேலை, ஒரு கல்யாணம் என்று ஊரே ஒழுங்கு போட்டு வைத்திருக்கிறது. முதலிரண்டும் ஆயிற்று. மூன்றாவதற்கு முன் ஒரு பட்டம் பெற எண்ணியிருக்கிறேன்.

யாழ்ப்பாண நகரில், கணக்காளர் ஒருவரின் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். பற்றுச்சீட்டுகளைத் திகதிவாரியாக அடுக்குவதும் கோவைகளுக்கு இலக்கமிடுவதும் என் வேலை. ஆட்கள் வந்தால் தேநீர் கொடுப்பதும் நான்தான். (எனக்குப் பின் சேர்ந்த தம்பியிடம் யாரும் தேநீர் கேட்பதில்லை.) மாத முடிவில் ஊழியர் சேமலாப நிதிக் கணக்குப் பதிவேன்: ஊழியரின் பங்கு 8 வீதம், தொழில்தருநர் பங்கு 12 வீதம். பள்ளிக்கூடத்தில் மனனம் செய்த பற்றும் வரவும் இந்தப் பற்றுச்சீட்டுக் குவியலுக்குள்தான் விளங்கின. அதனால் இந்த வேலையைக் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை.

1980இல் தொடங்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்துக்குக் கொக்குவிலில் பிராந்திய நிலையம் உண்டு. முகாமைத்துவப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். வீட்டிலிருந்தே படிக்கலாம் என்பது பாதி உண்மைதான். வகுப்புகள், ஒப்படைகள் இருக்கின்றன. தொடர் மதிப்பீட்டில் தேறாவிட்டால் இறுதிப் பரீட்சைக்கு இருக்க முடியாது.

வேலை செய்யும் சகோதரிகள் ஒன்றை அறிந்து வைத்திருங்கள். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறை நமக்குரியது. இரண்டாம் வருடத்திலிருந்து ஆண்டு விடுமுறை 14 நாள், அமைய விடுமுறை 7 நாள். யாரும் இரங்கித் தருவதல்ல. சனி மத்தியானத்துக்குப் பிறகும் ஞாயிறும் எனக்குப் படிப்புக்கு. 14 நாளும் பரீட்சைக்கு. உறவினர் கல்யாணங்களுக்கு இனி இரவுச் சாப்பாட்டுக்குத்தான் போவேன்.

நேரத்துக்கு இப்படி வழி கண்டுவிட்டேன். காசுதான் சிக்கல். என் சம்பளத்தில் அம்மா ஒரு சீட்டுக் கட்டுகிறார், எனக்குக் காப்புச் செய்ய. அதைப் பாடக் கட்டணத்துக்குக் கேட்டேன்.

“படிச்சு முடிய வயசு போயிடும் பிள்ளை. பிறகு ஆர் கேட்டு வருவினம்?”

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் உயர்தரப் புத்தகங்களை மேசையில் விட்டுவிட்டு நடந்தவர் அவர். திரும்பி வந்தபோது மேசையுமில்லை, புத்தகமுமில்லை. கழுத்தில் கிடந்த சங்கிலிதான் அந்த வருடம் அவர்களுக்குச் சோறு போட்டது. நகையை நம்புவதற்கு அவருக்குக் காரணம் இருக்கிறது.

இரண்டு நாள் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு, சோறு போட்டபடியே, “முதல் தவணைக்கு எவ்வளவு கட்டவேணும்?” என்று கேட்டார். சொன்னேன்.

“சீட்டு ஆவணியிலதான் கைக்கு வரும். அதுமட்டும் பொறுப்பினமோ எண்டு கொக்குவிலில கேட்டுப் பார்.”

வருகிற சனிக்கிழமை கேட்கப் போகிறேன்.