பசியாறிவிட்டு மலையேறுங்கள்



ஞாயிற்றுக்கிழமை விடியலில் சாலைக்கு வந்து பாருங்கள். தலைக்கவசமும் வண்ணச் சட்டையுமாக இளைஞர்கள் கூட்டங்கூட்டமாகச் சைக்கிளில் போவார்கள். நம் தோட்டத்துப் பிள்ளைகளும் அதில் உண்டு. உங்கள் வீட்டிலும் ஒருவன் அப்படிப் புறப்படுகிறானா? சைக்கிள் என்ன விலை என்று கேட்பதற்கு முன், பையில் தின்பதற்கு என்ன வைத்திருக்கிறான் என்று கேளுங்கள். நான் பட்ட பாடு என்னை அப்படிச் சொல்ல வைக்கிறது.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் பழைய சாலையை நீங்கள் அறிவீர்கள். பேருந்தில் போனபோது வளைவுகளில் தலை சுற்றி, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு போயிருப்பீர்கள். தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஊர் இருப்பதோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில். சைக்கிளில் ஏறினால், நாலைந்து மணி நேரம் விடாத மிதிதான்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் மச்சானும் அந்தச் சாலையில் ஏறினோம். விடியற்காலையில் தாப்பாவில் அவர் நான்கு இட்லி சாப்பிட்டார். எனக்கு அவசரம்; ஒரு கோப்பி ஓ மட்டும் குடித்தேன். லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சி வந்ததும், "மாப்பிள்ளை, நின்று ஏதாவது சாப்பிட்டுப் போவோம்" என்றார். அவரை முந்த வேண்டும் என்ற வீம்பில் நான் நிற்கவில்லை.

அதற்கு மேல் சிறிது தூரத்தில் கை நடுங்கத் தொடங்கியது. குளிர்ந்த காற்றிலும் வியர்வை கொட்டியது. காரணமில்லாமல் எல்லார் மீதும் கோபம் வந்தது. ஒரு வளைவில் கண் இருட்டி, சைக்கிளோடு சாலையின் நடுப்பக்கம் சாய்ந்தேன். மேலிருந்து காய்கறி லாரி ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் பிரேக்கை அழுத்தி நிறுத்தியதால்தான் இன்று இதை எழுதுகிறேன்.

அருகில் பெத்தாயும் மூங்கிலும் விற்கும் ஓராங் அஸ்லி ஒட்டுக்கடை இருந்தது. கடைக்காரப் பெண்மணி என்னை உட்காரவைத்து, சீனி போட்ட தே தண்ணியும் இரண்டு வாழைப்பழமும் கொடுத்து, "மாக்கான் டூலு" என்றார். கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது. மச்சானும் வந்து சேர்ந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை; அதுதான் எனக்கு அதிக வெட்கமாக இருந்தது.

அப்பொழுது என் அப்பாவை நினைத்தேன். அவர் பால் மரம் வெட்டியவர். இருட்டோடு எழுந்து, பழைய சோற்றில் உப்புப் போட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிட்ட பிறகுதான் பெரட்டுக்குப் போவார். சைக்கிளில் பால் வாளியோடு ஒரு போத்தல் தே தண்ணியும் தொங்கும். வெட்டி முடித்து, பால் எடுக்கப் போகுமுன் அதைக் குடிப்பார். "வயிறு கேக்கிறதுக்கு முந்தியே குடுத்திரணும்டா" என்பார். சோற்று மூட்டை கட்டிக்கொண்டு போகிறவர் என்று பள்ளிக்கூட நாளில் அவரைக் கேலி செய்திருக்கிறேன்.

அவர் சொன்னதையேதான் மருத்துவமும் சொல்கிறது. நாம் உண்ணும் மாவுச்சத்தில் ஒரு பங்கைத் தசையும் ஈரலும் சேமித்து வைக்கின்றன. கடுமையாக மிதித்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் அந்தச் சேமிப்பு வற்றத் தொடங்கும். பசி தெரிந்த பிறகு தின்றால் அது உடலில் சேர நேரமாகும். ஆகவே நெடுந்தூரம் போகிறவர்கள் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து சாப்பிட வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கிறது. கணக்கு எளிது: அரைமணிக்கு ஒரு பழம், அல்லது இரண்டு பேரீச்சம்பழம், அல்லது ஒரு துண்டு அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு.

புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இட்லியோ சோறோ சாப்பிடுங்கள். நெய் வழியும் ரொட்டி சானாயும், தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாவும் வயிற்றில் நெடுநேரம் கிடக்கும். அவற்றை வீடு திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு போத்தல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பச்சைத் தண்ணீர். மற்றதில் சீனியும், ஒரு சிட்டிகை உப்பும், எலுமிச்சைச் சாறும். பல மணி நேரம் வியர்வை கொட்டும்போது வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் உடம்பில் உப்புக் குறைந்து ஆபத்தாகும். இனிப்புநீர் உள்ளவர்கள், அதிலும் ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள், டாக்டரைக் கேட்காமல் இத்தகைய பயணம் போகவே கூடாது.

அன்று மெதுவாக ஏறி ரிங்லெட்டைத் தாண்டினோம். அதற்கு மேலே மலைச்சரிவெல்லாம் தேயிலை. ஒரு கடையில் சூடாகத் தே வாங்கிக்கொண்டு, அந்தப் பச்சையைப் பார்த்தபடி உட்கார்ந்தோம். கூடை சுமந்து அந்தச் சரிவுகளில் ஏறி இறங்கிய நம் பாட்டிமார் வெறும் வயிற்றோடு மலைக்குப் போயிருப்பார்களா என்று எண்ணிக்கொண்டேன்.

காலையில் ஒருவரை ஒருவர் கண்டால் நாம் கேட்கும் முதல் கேள்வி, "பசியாறியாச்சா?" என்பதுதானே. அடுத்த ஞாயிறு உங்கள் பிள்ளை சைக்கிளை வெளியே எடுக்கும்போது அதையே கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால், இரண்டு வாழைப்பழத்தைப் பையில் வைத்து அனுப்புங்கள்.