மாரன் படைக்கு முன்னால் ஒரு மதியம்

மண்ணூரில் எங்கள் பட்டறைக்கு ஜப்பான் டிராயிங் வந்தால் முதலில் என் மேஜைக்குத்தான் வரும். ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கிறோம். டை பார்க்க வந்த ஜப்பான்காரர் ஒருவர், கிளம்பும்போது சாரநாத் போயிருக்கிறேனா என்று கேட்டார். தங்கள் ஊர் ஓவியர் ஒருவர் அங்கே சுவரில் வரைந்திருக்கிறார் என்றார்.

ஆயுத பூஜை முடிந்ததும் ரயில் ஏறிவிட்டேன். காசியிலிருந்து ஆட்டோவில் பத்து கிலோமீட்டர்.

சாரநாத்தின் மூலகந்தகுடி விகாரை 1931-இல் திறக்கப்பட்டது. மறு வருடம் அந்த ஜப்பான் ஓவியர், நோசு கோசெத்சு, வந்து தூரிகை எடுத்தார். 1936 வரை வரைந்தார். புத்தரின் வாழ்க்கை சுவர்களைச் சுற்றி வருகிறது. புத்தரின் தவத்தைக் கலைக்க வந்த மாரனின் படையெடுப்புக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சுற்றிலும் பூதங்கள் பாய்கின்றன. நடுவில் புத்தர் அசையாமல் இருக்கிறார். கோடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் டிராயிங்கில் கோடு என்றால் அளவு. இங்கே ஒரே கோடு தோளில் தொடங்கி முழங்கை வரை இறங்கும்போது எலும்பும் தசையும் தெரிகின்றன. கைக்கு இது வர எத்தனை வருடப் பழக்கம் வேண்டியிருக்கும்!

அந்தப் பழக்கத்தில் அஜந்தாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் கதை கொஞ்சம் முன்னாலிருந்தே தொடங்குகிறது. மேனாட்டு எண்ணெய் வண்ணத்தின் பின்னால் ஜப்பான் ஓடிய காலத்தில், சொந்த மரபிலேயே புதுசாக வரையலாம் என்று நின்றவர்களில் யொகோயாமா தைகானும் ஹிஷிதா ஷுன்சோவும் பெயர் பெற்றவர்கள். இருவரும் 1903-இல் கல்கத்தா வந்தார்கள். தைகான் தாளை நனைத்து வரைவதைப் பார்த்துத்தான் அவனீந்திரநாத் தாகூர் தன் நீர்வண்ண முறையை உருவாக்கினார். அவரிடம் படித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரிதான் பிற்பாடு சென்னை ஓவியப் பள்ளிக்கு முதல்வராக வந்தார். நம் மெரினா உழைப்பாளர் சிலை அவர் செய்தது.

அவர்களுக்குப் பின் வந்த ஜப்பான் ஓவியர் அராய் கம்போவை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ரவீந்திரநாத் தாகூரின் அழைப்பில் 1916-இல் வந்து, கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தின் ஜோராசாங்கோ வீட்டில் தூரிகைப் பிடி சொல்லிக்கொடுத்தவர். அஜந்தாக் குகைகளில் உட்கார்ந்து சுவரோவியங்களைப் படி எடுத்தார். கூட வேலை செய்தவர்களில் நோசுவும் ஒருவர். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் வைத்திருந்த அந்தப் படிகள் 1923 நிலநடுக்கத் தீயில் எரிந்துபோயின.

அதோடு கம்போ ஓய்ந்துவிடவில்லை. ஜப்பானில் ஹொர்யூஜி கோயிலின் பழைய சுவரோவியங்களைப் படி எடுக்க 1940-இல் வேலை தொடங்கியபோது, குழுத் தலைவர்களில் ஒருவராக மறுபடி தூரிகை பிடித்தார். 1945-இல், வேலை முடியும் முன்பே இறந்தார். நான்கு வருடத்தில் அந்தச் சுவர்களும் தீயில் கருகின. முதலில் அவர் எடுத்த படிகள், பிறகு அவர் படி எடுத்த சுவர்கள் என்று இரண்டு முறை தீ விழுந்ததை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

நோசுவின் சுவர் நிற்கிறது. கதவு சாத்தும் நேரம் என்று காவலர் வந்து சொன்னார். எழுந்தவன், மாரன் படையில் ஒருவனுடைய கெண்டைக்காலில் வளைந்து இறங்கும் கோட்டை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.