பாஸ்டர் போட்ட போஸ்ட்!

ஹாஸ்டலில் எனக்குப் பட்டப்பெயர் 'பாஸ்டர்'. வைத்தவன் என் ரூம்மேட். முதல் வருஷம், முதல் நாள், என் பெட்டியைத் திறந்ததும் மேலாக இருந்தது அம்மா வைத்த பைபிள். அதற்குக் கீழே ஒரு டப்பா முந்திரிக்கொத்து. "பைபிள் உனக்கு, டப்பா எனக்கு. டீலா பாஸ்டர்?" என்றான். டீல்! இரண்டரை வருஷம் அந்த டீல் சூப்பராக ஓடியது. அவன் வீட்டுக் குலதெய்வத்துக்குக் கெடா வெட்டினால் எனக்குப் பங்கு வரும். எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக்கில் பாதி அவனுக்குப் போகும்.

எனக்கு ஊர் நாசரேத் பக்கம் ஒரு கிராமம். சி.எஸ்.ஐ. சபை. வருஷத்துக்கு ஒரு தடவை எங்கள் கோயிலில் அசனம் நடக்கும். (நாங்க சர்ச்சைக் கோயில்னுதான் சொல்வோம்!) அசனம்னா தெரியாதவங்களுக்கு... ஊரே அரிசி, காய், காசு கொடுத்து, விடிய விடிய அண்டா அண்டாவாகச் சமைத்து, எல்லோரும் ஒன்றாகப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற திருவிழா. நீ எந்த மதம், எந்த ஜாதி என்று அன்றைக்கு ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். முதல் வருஷம் என்னோடு வந்தவன் மூன்று பந்தியில் உட்கார்ந்து எழுந்தான். எங்கள் ஆச்சி அவனுக்கு ஃபேன் ஆகிவிட்டாள்!

இப்படிப் போய்க்கொண்டிருந்த நட்பை நான் ஒரே ஒரு மெசேஜில் காலி பண்ணினேன்.

ஐந்தாவது செமஸ்டரில் ஒரு ராத்திரி. மொட்டை மாடி. அவன் வீட்டில் ஒரு பெரிய பிரச்னை. அழுதுகொண்டே சொன்னான். என்ன பிரச்னை? ஸாரி, சொல்ல மாட்டேன். இந்தக் கட்டுரையே அதைப் பற்றியதுதான். "யார்கிட்டயும் சொல்லாதடா" என்றான். "சொல்ல மாட்டேன்டா" என்றேன்.

எங்கள் ஹாஸ்டலில் வியாழக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு ஜெபக்கூட்டம் நடக்கும். பன்னிரண்டு பேர், ஒரு சின்ன ரூம், ஒரு கிடார். எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப்பும் உண்டு. மறுநாள் காலையில் அதில் ஜெபக்குறிப்பு என்று தலைப்புப் போட்டு, அவன் பெயர், அவன் வீட்டு விஷயம் எல்லாவற்றையும் எழுதினேன். 'தயவுசெய்து ஜெபிச்சுக்கோங்க' என்று முடித்தேன். கீழே பத்து 'ஆமென்' விழுந்தது.

உண்மையைச் சொல்லிடறேன். அவன் மேல் அக்கறை இருந்தது. கூடவே, 'எனக்குத்தான் முதல்ல தெரியும்' என்கிற கெத்தும் கொஞ்சம் இருந்தது.

பன்னிரண்டு பேரிடம் போன விஷயம் பன்னிரண்டோடு நிற்குமா? நான்காம் நாள் மெஸ் கியூவில் நின்றிருந்தோம். அவனுக்குப் பழக்கமே இல்லாத ஒரு ஜூனியர் வந்து அவன் தோளைத் தொட்டு, "கவலைப்படாதீங்க அண்ணா, உங்க வீட்டுக்காக நாங்க ஜெபிக்கிறோம்" என்றான். அந்தப் பையன் நல்ல மனசோடுதான் சொன்னான். என் ரூம்மேட் என்னைத் திரும்பிப் பார்த்தான். தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

சண்டை போடுவான் என்று நினைத்தேன். போடவில்லை. ஆனால், அன்றைக்கு ராத்திரி என்னை முதல் தடவையாக என் நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "லைட்டை அணைச்சிடு" என்றான். அவ்வளவுதான். அப்புறம் 38 நாள் பேச்சே இல்லை. ஒரே ரூம், ஒரே ஃபேன், ஒரே பக்கெட்!

நான் என்ன பண்ணினேன்? தினமும் ஜெபம் பண்ணினேன். 'ஆண்டவரே, அவன் மனசை மாற்றும்!' மாற வேண்டியது யார் மனசு என்று எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் திருவிருந்து ஆராதனை. அப்பமும் ரசமும் வாங்குவதற்கு முன்னால் எங்கள் ஆராதனையில் ஒரு விஷயம் உண்டு. சமாதானம் கொடுப்பது. பக்கத்தில் இருப்பவரின் வலது உள்ளங்கையில் நம் வலது உள்ளங்கையை வைத்து, ரெண்டு பேரும் இடது கையால் மூடிக்கொள்ள வேண்டும்.

சின்ன வயசில் எங்களுக்கு அது ஜாலி டைம். திடப்படுத்தல் வகுப்பில் எங்கள் ஐயர்தான் அதற்கு அர்த்தம் சொன்னார். (எங்க பக்கம் பாதிரியாரை ஐயர்னுதான் கூப்பிடுவோம்!) 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று தனித்தனியாக இருந்தவர்கள் சேர்ந்து ஆரம்பித்ததுதான் சி.எஸ்.ஐ. 1950-ல் இவர்கள் தங்களுக்கென்று ஒரு திருவிருந்து முறையைத் தயாரித்தபோது, கேரள சிரியன் கிறிஸ்தவர்களிடம் இருந்த இந்தக் கை கொடுக்கும் பழக்கத்தை அதில் சேர்த்துக்கொண்டார்கள். அடிப்படை என்னவோ மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இயேசு சொன்னது. காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்த பிறகு, உன் மேல் ஒருத்தனுக்கு மனக்குறை இருப்பது ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போய்ச் சமாதானமாகு என்பதுதான் விஷயம்.

கவனிச்சீங்களா? உனக்கு அவன் மேல் கோபம் இருந்தால் என்று இல்லை. அவனுக்கு உன் மேல் குறை இருந்தால்! அன்றைக்குப் பக்கத்து பெஞ்ச் தாத்தா என் கையைப் பிடித்தபோது எனக்கு மெஸ் கியூதான் ஞாபகம் வந்தது. எல்லோரும் எழுந்து திருவிருந்துக்குப் போனார்கள். நான் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். "என்னய்யா, மேலுக்குச் சரியில்லையா?" மென்று முழுங்கிச் சொல்லி முடித்தேன். "ஜெபத்துக்காகத்தாம்மா சொன்னேன்" என்று ஒரு பிட்டையும் சேர்த்தேன்.

அம்மா மீன் கழுவுவதை நிறுத்தவில்லை. "கர்த்தருக்குச் சொல்லணும்னா நீ கண்ணை மூடிச் சொன்னா போதாதா? அவருக்கென்ன காது கேக்காதா? பன்னெண்டு பேருக்கு எதுக்குச் சொன்ன?"

என்னிடம் பதில் இல்லை.

திரும்பி வந்த அன்றே அவன் கட்டில் முன்னால் நின்றேன். "மச்சி ஸாரிடா... நான் நல்ல எண்ணத்துலதான்..." என்று ஆரம்பித்தேன். "பாரு, இப்பவும் உன்னைத்தான் காப்பாத்திக்கிற" என்றான். வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "நீ நம்பிச் சொன்னதை நான் வெளிய சொன்னேன். தப்புடா" என்று மட்டும் சொன்னேன். "சரி" என்றான். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டான். கட்டிப்பிடித்து அழுகிற சீனெல்லாம் சினிமாவில்தான் பாஸ்!

அந்த வியாழக்கிழமை ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று, நான் பண்ணியது ஜெபக்குறிப்பு இல்லை, புரளி என்று சொன்னேன். கால் நடுங்கியது. அதைவிட ஆச்சர்யம், அப்புறம் இரண்டு பேர் தனியாக வந்து, "நானும் இப்படிப் பண்ணியிருக்கேன்டா" என்றதுதான். இப்போது எங்கள் குழுவில் ஒரு ரூல் இருக்கிறது. அடுத்தவர் விஷயத்தைச் சொல்வதற்கு முன் அவரிடம் கேட்க வேண்டும். கேட்க முடியாதா? பெயரும் விவரமும் இல்லாமல் மனசுக்குள் ஜெபிக்க வேண்டும். நோ போஸ்ட்!

மூன்று வாரம் கழித்து, இன்டர்னலுக்கு முந்தைய ராத்திரி ஒரு மணி. "டேய் பாஸ்டர், அந்த ஹீட் டிரான்ஸ்பர் டேட்டா புக்கைத் தூக்கிப் போடு" என்று ஒரு குரல். புக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண் கலங்கியதை அவன் பார்த்திருந்தால் செமஸ்டர் முழுக்க ஓட்டியிருப்பான்.

முன்னே மாதிரி எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. வீட்டிலிருந்து போன் வந்தால் இன்னும் எழுந்து வராண்டாவுக்குப் போய்த்தான் பேசுகிறான். அது நான் சம்பாதித்தது. கழுத்தில் சிலுவை, போனில் பைபிள் ஆப், பட்டப்பெயர் பாஸ்டர்... இதையெல்லாம் வைத்துத்தான் நான் கிறிஸ்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னை நம்பி ஒருத்தன் ஒரு விஷயத்தைச் சொன்னால் அது என்னோடு நிற்குமா என்பதில்தான் அது இருக்கிறது போல.

இதை அனுப்புவதற்கு முன் அவனிடம் கொடுத்தேன். முழுக்கப் படித்தான். பேனாவை எடுத்து இரண்டு இடத்தில் அடித்தான். ஒன்று அவன் பெயர். இன்னொன்று அவன் ஊர். "இப்ப அனுப்பு" என்றான்.

இந்த வருஷ அசனத்துக்குக் கூப்பிட்டிருக்கிறேன். "பாக்கலாம்" என்றிருக்கிறான். ஆச்சி மட்டும் இப்போதே பந்தியில் அவனுக்கு ஒரு இடம் பிடித்து வைத்துவிட்டாள்!